தலைமுடி விதிகள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தில் என் அறைக்கு வந்த பெற்றோர் பலர் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வரவில்லை, பிள்ளையின் தலைமுடியைப் பற்றிப் பேசத்தான் வந்தார்கள். "என் பையன் முடியைப் பற்றிச் சொல்ல நீங்கள் யார்?" என்று கோபமாகக் கேட்டவர்கள் உண்டு. "நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான், நீங்களே பிடித்து வெட்டிவிடுங்கள்" என்று கெஞ்சியவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமுடிக்காக இனி எந்த மாணவரும் வாசலில் நிறுத்தப்பட மாட்டார், வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட மாட்டார். எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையின் தலையிலும் கத்தரிக்கோல் வைக்க மாட்டார். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்தாலும் வைக்க மாட்டார். விதி இருக்கும். அதைப் பற்றிய வாக்குவாதம் உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் நடக்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அண்மையில் பார்த்த ஒரு காட்சிதான் காரணம். வகுப்பும் பெயரும் வேண்டாம். பக்கவாட்டில் ஒட்ட மழித்து, நடுவில் மட்டும் அடர்த்தியாக விட்ட முடியோடு ஒரு மாணவன் அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே அவனுடைய அப்பாவும் ஓர் ஆசிரியரும் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையை நனைத்து, அந்த நடு முடியைப் படியவைக்கப் பார்த்துக்கொண்டே இருந்தான். படியவில்லை. கடந்துபோன சின்னப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வகுப்பில் அந்நேரம் கணக்கில் புதுப் பாடம் தொடங்கியிருந்தது. பேசிக்கொண்டிருந்த இருவருமே அவன் நல்லதுக்காகத்தான் பேசினார்கள்.

பெற்றோருக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. சீருடையை வீட்டுக்குப் போனதும் கழற்றி வைத்துவிடலாம், முடியை அப்படிச் செய்ய முடியாது. அதனால் தலைமுடி பற்றிய விதி வீட்டுக்குள்ளும் வருகிறது, விடுமுறையிலும் கூடவே இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ.தான் வளரும். தண்டனையாகச் சில நொடிகளில் அலங்கோலமாக வெட்டிவிட்டால், அது சரியாகப் பல மாதங்கள் ஆகும். அத்தனை நாளும் அந்தப் பிள்ளை அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் நாலு பேர் முன்னால் நடக்க வேண்டும்.

1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்கிறது. ஜப்பானின் ஒசாக்காவில் நடந்த வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன் முடி இயற்கையிலேயே பழுப்பு நிறம் என்று சொன்ன மாணவியை, கறுப்புச் சாயம் பூசச் சொல்லிப் பள்ளி வற்புறுத்தியது. அவர் 2017-இல் வழக்குத் தொடர்ந்தார். 2021-இல் தீர்ப்பு வந்தது. சாயம் தொடர்பான விதியை நீதிமன்றம் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவியின் பெயரை வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்கியதும், அவருடைய மேசையை வகுப்பிலிருந்து அகற்றியதும் தவறு என்று சொல்லி, 3,30,000 யென் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. விதி சரியாக இருந்தாலும் பிள்ளையை நடத்திய விதம் தவறாகிவிடலாம். என் ஆசிரியர்களிடமும் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொன்னேன்.

இங்கிலாந்தில் 2011-இல் வந்த தீர்ப்பு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. தலையை ஒட்டி வரிவரியாகப் பின்னிய முடியோடு வந்த ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளிச் சிறுவனைப் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. அடிதடிக் கும்பல்களின் பாணி பள்ளிக்குள் வரக் கூடாது என்பது பள்ளியின் கவலை. கெட்ட நோக்கம் இல்லை. ஆனாலும் குடும்ப வழக்கமாக அப்படிப் பின்னுகிறவர்களுக்குக்கூட விலக்குத் தர மறுத்தது மறைமுகமான இனப் பாகுபாடு என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சமய நம்பிக்கை, குடும்ப மரபு, உடல்நிலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்பதை நம் விதியில் எழுத்திலேயே சேர்க்கிறோம். புழுவெட்டு, தலையில் படர்தாமரை, மருந்தால் முடி கொட்டுவது போன்றவை வெளியிலிருந்து பார்க்க 'ஸ்டைல்' மாதிரித் தெரியலாம். என் பெயருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். அந்தப் பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சரி, எந்த விதிகள் இருக்கும்? ஆய்வகத்திலும் தொழிற்பயிற்சிக் கூடத்திலும் நீளமான முடியைக் கட்டித்தான் ஆக வேண்டும். தீயும் சுழலும் இயந்திரமும் அங்கே இருக்கின்றன, இதில் பேச்சுக்கே இடமில்லை. முடி கண்ணை மறைக்கக் கூடாது. பிறரை இழிவுபடுத்தும் எழுத்தையோ சின்னத்தையோ தலையில் மழித்துக்கொண்டு வரக் கூடாது. மற்றவை பேசித் தீர்க்க வேண்டியவை. "பேன் வரும், அதனால் ஒட்ட வெட்டுங்கள்" என்ற பழைய காரணத்தை நான் ஏற்கவில்லை. பேன் தாவாது, பறக்காது. பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டும்போதுதான் பரவுகிறது. அதற்குச் சிகிச்சைதான் வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஒரு விதி, பெண் பிள்ளைக்கு ஒரு விதி எதற்கு என்று மாணவர்களே கேட்கிறார்கள். சுத்தமாக வாரிக் கட்டியிருந்தால் இருவருக்கும் ஒரே விதி போதும் என்பது என் கருத்து. ஆசிரியர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. கூட்டத்தில் பேசுவோம்.

விதியை மீறினால் வகுப்பாசிரியர் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்வார். அப்புறம் உங்களுக்கு ஒரு குறிப்பு வரும். இரண்டு வார அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் நீங்களும் நானும் உட்கார்ந்து பேசுவோம். இதில் எந்தக் கட்டத்திலும் தேர்வோ விளையாட்டோ சுற்றுலாவோ பறிபோகாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். விதி பிடிக்கவில்லையென்றால் என்னிடம் வாருங்கள். பிள்ளையின் முன்னால் வகுப்பாசிரியரைத் திட்டாதீர்கள். அவர் நாங்கள் கொடுத்த விதியைத்தான் சொல்கிறார், நாளைக்கும் உங்கள் பிள்ளைக்கு அவர்தான் பாடம் நடத்த வேண்டும். அதேபோல, வீட்டில் சமாளிக்க முடியாததை "ஸ்கூலில் சொல்லிவிடுவேன்" என்று எங்கள் தலையில் கட்டாதீர்கள். முடியைப் பற்றிப் பிள்ளையிடம் நீங்களே பேசுங்கள், அது ஏன் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள்.

வரைவு விதிகளை இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பருவ விடுமுறைக்கு முன் நடக்கும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மாணவர் பிரதிநிதிகளும் கலந்துகொள்வார்கள். திருத்தம் இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதி, கூட்டத்துக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். விலக்குக் கோருபவர்கள் மட்டும் மூடிய உறையில் வைத்து என் பெயருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்