படம்தானே என்று சொன்னவனுக்கு

மதுரை

அன்புள்ள மாப்ளை,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி மட்டுப்பட்டதில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குப் பெண் பார்க்கிறோம். ஜாதகம் மேல் ஜாதகமாக வருகிறது, அவன் போனிலிருந்து தலையைத் தூக்கினால்தானே!

வெள்ளையடிக்கிற சாக்கில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து தங்கச்சியிடம் மாட்டிக்கொண்டாயாமே. மூடியின் உள்பக்கம் நீ ஒட்டிவைத்த, வார இதழ்க் கதைக்கு ஓவியர் ஜெயராஜ் வரைந்த பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாளா? "வெறும் படம்தானே" என்று சமாளித்ததாக எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லி லேசில் தப்பித்தவர் எவரும் இல்லை மாப்ளை, அமெரிக்காவிலும் இல்லை.

பெட்டி பூப் என்ற கார்ட்டூன்காரியை எடுத்துக்கொள். 1930இல் பிளைஷர் ஸ்டூடியோ அவளைத் திரையில் விட்டபோது அவள் பாதி நாய், காது இரண்டும் தொங்கும். 1932க்குள் அந்தக் காதுகளே வளையத் தோடுகளாகிவிட்டன. குட்டைப் பாவாடை, தொடையில் ஒரு பட்டை, கொஞ்சல் குரல். என் குரலைத் திருடிவிட்டார்கள் என்று ஹெலன் கேன் என்ற பாடகி இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார். 1934இல் ஹாலிவுட் தணிக்கை இறுகியது. பாவாடை கீழே இறங்கியது, கழுத்து மேலே ஏறியது, ஆட்டக்காரி குடும்பப் பெண்ணாகி ஒரு நாய்க்குட்டியை வளர்க்க ஆரம்பித்தாள். தானே நாயாக இருந்தவள்! பென்சிலில் நாலு கோட்டை இடம் மாற்றினால் ஒழுக்கம் வந்துவிடும் என்று பெரிய மனிதர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பார்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். எஸ்கொயர் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ஆல்பர்ட்டோ வர்காஸ் வரைந்த பெண்களைச் சிப்பாய்கள் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அந்த மாதிரிப் பெண்களை விமானத்தின் மூக்கிலும் வரைந்து பறந்தார்கள். அமெரிக்கத் தபால் இலாகாவுக்குப் பொறுக்கவில்லை, பத்திரிகையின் சலுகைத் தபால் கட்டணத்தைப் பிடுங்கியது. வழக்கு அந்த ஊர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1946இல் பத்திரிகை ஜெயித்தது. உன் வீட்டில் அப்பீலுக்கே வழியில்லை.

பிளேபாய் என்ற கவர்ச்சிப் பத்திரிகையின் 2009 நவம்பர் அட்டையில் யார் தெரியுமா? சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் மார்ஜ். மஞ்சள் தோல், கையில் நாலே விரல், கோபுரம் மாதிரி நீலக் கொண்டை, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். 1988இல் சினிமாவில் வந்த கார்ட்டூன் அழகி ஜெசிக்கா ராபிட் மேலே உலகமே மயங்கியதே, அவள் புருஷன் ஒரு முயல். எனக்கு ஜெசிக்கா அவ்வளவாகப் பிடிக்காது. அந்த இடுப்பில் குடல் எங்கே இருக்கும் என்ற கவலைதான் முதலில் வருகிறது.

ஜெயராஜ் வரைந்த பெண்கள் வேறு ரகம். அந்த மாதிரி உடுத்திய ஒருத்தியை மேலமாசி வீதியில் நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அடுத்த டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவாள் என்று நம்பும்படி இருப்பாள். அந்த நம்பிக்கையில்தானே பெரியார் நிலையத்தில் எத்தனை பஸ்ஸைத் தவறவிட்டாய்! கதை யார் எழுதியது என்று கேட்டால் முழிப்பாய், படத்தில் அவள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாள் என்பது மட்டும் மறக்காது.

மாடஸ்டி பிளைசியை மட்டும் நீ மூடியில் ஒட்டவில்லை, கவனித்தாயா? 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே அவள்தான். அழகில் குறைவில்லை. ஆனால் முறைத்துப் பார்த்தவன் பல்லைத் தட்டிவிடுவாள் என்ற பயம் நமக்கு. பக்கத்தைத் திருப்பும்போதே கொஞ்சம் மரியாதையாகத்தான் திருப்புவோம்.

தங்கச்சியிடம் இனிமேல் "படம்தானே" என்று சொல்லாதே. "ஜெயராஜ் பெரிய ஓவியர், பழைய வார இதழ்களைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு" என்று விலையைப் பற்றிப் பேசு, அது கொஞ்சம் எடுபடும். என்னிடம் இரவல் வாங்கிப்போன மாடஸ்டி இதழ்கள் இன்னும் திரும்பி வரவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா.

உன்,
முருகேசன்