லீவை மிச்சம் வை, அம்மிணி

கிணத்துக்கடவு

அன்பு அம்மிணிக்கு,

செவ்வாய்க் கிரகத்துக்கு அடுத்த ராக்கெட் கிளம்பும் நாளில் லீவு போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

முதலில், சொன்ன தேதியில் கிளம்பும் என்று நம்பாதே. நம்ம நாட்டுச் செவ்வாய்க் கலம் மங்கள்யான் 2013 அக்டோபர் 28-இல் போக வேண்டியது. தென் பசிபிக்கில் சிக்னல் பிடிக்க வேண்டிய கப்பல்களில் ஒன்று கடல் கொந்தளிப்பால் பிந்தியது, நவம்பர் 5-க்குத் தள்ளிப்போனது. சில நாள் தள்ளலாம், மாதக்கணக்கில் தள்ள முடியாது. ஆடிப்பட்டம் மாதிரிதான், தப்பினால் அடுத்த பட்டம் 26 மாதம் கழித்து. நாசாவின் செவ்வாய்க் கலம் இன்சைட் 2016 மார்ச்சில் போயிருக்க வேண்டும். நிலநடுக்கமானியை மூடிய வெற்றிடக் கூட்டில் ஒழுகல், 2018 மே 5-இல்தான் போனது.

ராக்கெட் எழும்பியதும் கைதட்டாதே. மங்கள்யானை ஏற்றிய பி.எஸ்.எல்.வி சி-25 ராக்கெட் மதியம் 2:38-க்குக் கிளம்பியது. மூன்றாம் அடுக்கு எரிந்து முடிந்ததும் ஏறக்குறைய 25 நிமிடம் எதுவுமே எரியாமல் மிதந்தது. அதற்குப் பிறகு நான்காம் அடுக்கு பற்றுகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கப்பல்கள். 44-ஆம் நிமிடம்தான் கலம் பிரிந்தது. ரஷ்யாவின் ஃபோபோஸ்-கிரண்ட் 2011-இல் நல்லபடியாகத்தான் எழும்பியது, ஆனால் செவ்வாய்ப் பக்கம் தள்ள வேண்டிய எஞ்சின் பற்றவில்லை. பூமியையே சுற்றிவிட்டு 2012 ஜனவரியில் விழுந்துவிட்டது. ஆக, கலம் பிரிந்தது, சூரியத் தகடு விரிந்தது, சிக்னல் வந்தது, இந்த மூன்றும் காதில் விழும்வரை எழுந்திருக்காதே.

அதற்குப் பிறகும் ஓயாது. மங்கள்யானைப் பூமியைச் சுற்றவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். நவம்பர் 11-இல் நான்காம் தடவை, விநாடிக்கு 130 மீட்டர் வேகம் கூட வேண்டிய இடத்தில் 35 தான் கூடியது. வால்வைத் திறக்கும் இரண்டு காயில்களுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள், எரிபொருள் வரத்தே நின்றுபோனது. தனித்தனியாக இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்தன! மறுநாள் இன்னொரு முறை எரித்து ஈடுகட்டினார்கள். டிசம்பர் 1-இல் பூமியை விட்டது.

உண்மையான பதற்றம் இனிமேல்தான். பத்து மாதம் ஓட்டாமல் கிடந்த கிணற்று மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். வாசர் காய்ந்து, ஃபுட் வால்வு பிடிக்காது. அங்கே இன்னும் மோசம், குழாயில் தங்கும் ஆக்ஸிகரணி (எரிபொருளை எரியவைக்கும் திரவம்) வால்வையே அரிக்கும். அதனால் பூமியை விட்டதும் பழைய எரிபொருள் பாதையை அடைத்துவிட்டு, செவ்வாயில் திறக்க வேறு பாதை, வேறு வால்வு வைத்திருந்தார்கள். 2014 செப்டம்பர் 22-இல் எஞ்சினை நான்கு விநாடி மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடாவிட்டால் எட்டுச் சின்ன உந்திகளை வைத்துச் சமாளிக்கத் திட்டம். நம்ம கோதவாடிக்காரர் மயில்சாமி அண்ணாதுரையும் இந்தப் பணியை வழிநடத்தியவர்களில் ஒருவர்.

24-ஆம் தேதி வெள்ளெனே 7:17-க்கு வேகத்தைக் குறைக்க எஞ்சின் தானாகவே பற்ற வேண்டும், கட்டளையை முன்கூட்டியே ஏற்றிவிட்டார்கள். சிக்னல் வந்து சேரவே பன்னிரண்டரை நிமிடம், நடுவில் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தும் போகும். எஞ்சின் 23 நிமிடம் சொச்சம் எரிந்தது. குறைந்தால் கலம் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும், கூடினால் கீழே இறங்கி மோதக்கூடும். எட்டு மணி வாக்கில்தான் சேதி உறுதியானது.

அதனால் ராக்கெட் தாட்டிவிடும் நாளை வேலைக்கு நடுவில் போனிலேயே பார்த்துக்கொள். லீவைச் சேரும் நாளுக்கு வை, தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், கலம் பூமியை விட்டபின் அது அநேகமாக மாறாது.

அப்பா