ஓ.டி.பி. சொன்னால் சம்மதமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைக்கிராமங்களில் வீடியோ வழியாக டாக்டர் பார்ப்பதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பந்தலூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் மகிழ்ச்சிதான். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே சுமார் 50 கிலோமீட்டர்; மழையில் மண் சரிந்தால் அந்த வழியும் இல்லை.

ஆனால் இரண்டு மாதம் முன்பு, பக்கத்துப் பணியர் பழங்குடிக் காலனியில் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் ஒரு பெண்ணிடம் போன் நம்பர் கேட்டார்கள். அவளிடம் போன் கிடையாது. கடைக்காரர் நம்பரைக் கொடுத்தாள். ஓ.டி.பி. அவருக்கு வந்தது, அவர் வாசித்தார், இவள் சம்மதித்ததாகப் பதிவாயிற்று. பத்து நாளில், பரம்பரையாக வரும் ரத்த நோயான சிக்கிள் செல் பரிசோதனை முடிவும் கடைக்காரர் போனுக்கே வந்தது. கல்யாணப் பேச்சு நடக்கும் பெண். பால் வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அதற்கப்புறம் டேப்லெட்டில் டாக்டர் வந்தார்.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி, நோயாளி தானாகக் கூப்பிட்டால் சம்மதம் இருப்பதாகவே கொள்ளலாம். சுகாதாரப் பணியாளர் தொடங்கி வைத்தால் வெளிப்படையாகக் கேட்டு வாங்க வேண்டும். அதை டாக்டர் பதிவு செய்ய வேண்டும். காலனியில் யார் தானாகக் கூப்பிடுகிறார்கள்? டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு நாம்தானே படியேறுகிறோம்!

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ தரச் சொல்கிறது. பணியர், இருளர், குறும்பர், படுகர் பேசும் மொழி எதுவும் அந்த அட்டவணையில் இல்லை. தமிழில் கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிந்துவிடும்.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. எதற்கென்று சொல்லாமல் ஸ்டாம்ப் பேடும் கையுமாகப் போய்க் கைநாட்டு வாங்கியவள்தான். அந்தக் காகிதமாவது பீரோவில் கிடந்து கறையானுக்குப் போனது. இன்று பதிவாகும் விவரம் எங்கெங்கே போகும் என்று பதிவு செய்கிறவருக்கே தெரியாது.

சம்மதத்தை வாய்ச்சொல்லாகவும் வாங்கலாம் என்று அதே நெறிமுறை சொல்கிறது. காலனிப் பெண் ஒருத்தியையே உட்கார வைத்து, அவர்கள் பேச்சிலேயே சொல்லலாமே: யார் பார்ப்பார்கள், முடிவை யாரிடம் சொல்லட்டும், வேண்டாம் என்றாலும் மாத்திரை நிற்காது. ஐந்து நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று இலக்கு வைத்து அனுப்பினால் அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வரும்?

கடைக்காரர் நல்ல மனிதர். தன் நம்பரை எடுத்துவிடச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டு இடம் ஏறி இறங்கிவிட்டார். அடுத்த பரிசோதனைக்கு வரச் சொல்லி நேற்று வந்த செய்தியும் அவர் போனுக்குத்தான்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
பந்தலூர், நீலகிரி.