காய்ச்சலும் சோகையும் கூடி வரும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய நோய் என்றாலே மாரடைப்பைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. இதய வால்வில் கிருமி தொற்றுவதும், அதனால் ரத்தத்தில் விளையும் கோளாறுகளும் அரிதாகவே பேசப்படுவதால், மருத்துவ ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பழுதுபட்ட வால்விலோ செயற்கை வால்விலோ பாக்டீரியா தங்கினால், அதைச் சுற்றி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் படிந்து சிறு கட்டிகளாக வளரும். அதிலிருந்து பிய்ந்த துணுக்கு மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். சில வேளைகளில் குழாயின் சுவரையே அரித்து, அது புடைத்து வெடித்து, மூளைக்குள் ரத்தம் கசியும். அடைப்பு, கசிவு இரண்டுக்கும் இந்நோய் இடம் தருவதால், செயற்கை வால்வுக்காக ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துவருபவருக்கு அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது தேர்ந்த மருத்துவர்களையே தயங்க வைக்கும் கேள்வி.

இந்நோயால் வரும் ரத்தசோகையோ சத்தமில்லாமல் வருகிறது. வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவற்றோடு ஹீமோகுளோபினும் இறங்கியிருக்க, இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நீடித்த அழற்சியால் உடலிலுள்ள இரும்பு சேமிப்பிலேயே முடங்கி, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜைக்கு எட்டாமல் போவதே இந்தச் சோகைக்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், தொற்று தீராதவரை மாத்திரையால் பெரிய பயனில்லை. செயற்கை வால்வின் ஓரத்தில் கசிவு ஏற்பட்டிருந்தால் சிவப்பணுக்கள் அங்கே சிதைவதும் சோகையைக் கூட்டும்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்து, அது எந்தக் கிருமி என்பதைக் காட்டும் ரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்கு, ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே வெவ்வேறு நரம்புகளிலிருந்து, வழக்கமாக மூன்று முறை, ரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சலுக்கென்று தாமாகவே ஓரிரு நாள் ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டு வருபவரின் கல்ச்சரில், தொற்று இருந்தும் கிருமி வளராமலே போகக்கூடும். (அந்த 'கிருமி இல்லை' என்ற முடிவைக் கையில் வாங்கி நிம்மதியடைந்த முகங்களை மறக்க முடியவில்லை.) கிருமி இன்னதென்று தெரியாமல், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழியே செலுத்த வேண்டிய மருந்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வால்வுக் கோளாறு உள்ளவர்கள், காய்ச்சல் சில நாள்களைக் கடந்தால், மருத்துவரிடம் முதலில் தம் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதைத் தங்கள் மருத்துவப் பகுதியில் விரிவாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்