வீட்டுப் பெரியவர்கள் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டால்

எல்லோருக்கும் வணக்கம். "அம்மா இப்போதெல்லாம் யாரோடும் பேசுவதில்லை, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று இங்கே ஒருவர் போட்டிருந்தார். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். வயதானவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளியே தெரியாது. உடம்பெல்லாம் வலி, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, தட்டில் பாதிச் சோறு மிச்சம், விடாமல் பார்த்த சீரியல்கூட வேண்டாம் என்று வரும், கூடவே மறதியும் சேர்ந்தால் டிமென்ஷியா (மறதி நோய்) என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாட்டாலும் இப்படி ஆகலாம் என்பதால் முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மனச்சோர்வு என்றால் சிகிச்சையில் நன்றாகத் தேற முடியும். தூக்க மாத்திரை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து உண்டு.

 

அப்புறம், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. இரண்டையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள்.