சம்பத்துக்கு, காட்பாடியிலிருந்து

அன்புள்ள சம்பத்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பேரனை நாய் கடித்துவிட்டது. பயப்படாதே, நன்றாக இருக்கிறான். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவனைத் தெருமுனையில் துரத்தி, கெண்டைக்காலில் நல்ல கடி. குழாயடியில் உட்கார வைத்து, துணி சோப்பைப் போட்டுப் பதினைந்து நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். பக்கத்து வீட்டு அம்மா மஞ்சளும் சுண்ணாம்புமாக வந்து, "முதல்ல இதை அப்புங்க" என்றார். நான் கேட்கவில்லை. இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்புறம் ஆட்டோ பிடித்து அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி. இரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராகச் செய்து வைத்த எதிர்ப்பொருள், ஊசி. பையன் அலறிவிட்டான். இரண்டு கையிலும் தோலுக்குள் தடுப்பூசி. 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. மூன்று முடிந்தது.

நீ கேட்டிருந்தாயே, சளி வைரஸ் மூக்கோடு நின்றுவிடுகிறது, மஞ்சள்காமாலை வைரஸுக்கு மட்டும் ஈரலுக்கு வழி சொன்னது யார் என்று? ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் சொல்வதில்லை. வைரஸுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. இரத்தத்தோடோ மூச்சுக்காற்றோடோ அடித்துக்கொண்டு போகிறது, பிடிப்பு கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிடிப்புக்கு 'ஏற்பி' என்று முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். இப்போது அந்தப் பெயரே பிடிக்கவில்லை, ஏதோ வைரஸை ஏற்கவே வைத்த மாதிரி இருக்கிறது. செல் தன் பிழைப்புக்காக வெளியே நீட்டி வைத்திருக்கும் புரதம் அது. பால் பாக்கெட்டுக்காக கேட்டில் பை மாட்டி வைக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. அதில் வேறு எவனோ எதையோ போட்டுவிட்டுப் போனால் பை என்ன செய்யும்?

ஈரல் செல், பித்த உப்பை இரத்தத்திலிருந்து உள்ளே இழுக்க என்டிசிபி என்றொரு புரதம் வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் பிடிப்பது அதைத்தான். இது தெரிய வந்ததே 2012ல். சளியின் கதை கொஞ்சம் வேறு. ரைனோ வைரஸுக்குப் பிடிப்பு மட்டும் போதாது, மூக்கின் 33 டிகிரி குளிர்ச்சியும் வேண்டும். உடம்புக்குள் இருக்கும் 37ல் அது அவ்வளவாகப் பெருகாது. நம் வேலூர் வெயிலைப் பற்றி அதற்கு யாராவது சொன்னால் தேவலை.

வெறிநோய் வைரஸ் விஷயம்தான் என்னை அசத்தியது. தசையை அசைக்க நரம்பு அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது, தசையில் உள்ள ஏற்பி அதைப் பிடிக்கிறது. இந்த வைரஸ் பற்றும் இடங்களில் அதுவும் ஒன்று. நல்ல பாம்பின் விஷம் போய் உட்காருவதும் அதே இடம்! வைரஸின் முள் போன்ற புரதத்தில் ஒரு துண்டு பாம்பு விஷத்தை ஒத்திருப்பதை 1980களிலேயே கண்டிருக்கிறார்கள். விஷம் அந்த இடத்தை அடைத்துவிட்டால் மூச்சுத் தசைகூட வேலை செய்யாது. அதனால் வைரஸ் வருகிறதே என்று நாமாக அதை அடைத்து வைக்கவும் முடியாது. செய்யக்கூடியது, வைரஸ் நரம்பு நுனியைத் தொடுவதற்கு முன்னால் அதன் முள்ளை மழுங்கடிப்பதுதான். காயத்துக்குள்ளேயே ஊசி போட்டது அதற்குத்தான். தடுப்பூசியால் நம் உடம்பே எதிர்ப்பொருள் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை கடன் வாங்கிய எதிர்ப்பொருள். சோப்பு, அந்த முள் நட்டிருக்கும் கொழுப்புறையையே கரைத்துவிடுகிறது. நரம்பேறி மூளைக்குப் போய் நோய் தெரிந்துவிட்டால் பிறகு வைத்தியம் இல்லை.

எல்லாப் பையும் அவசியமானது என்றும் சொல்ல முடியாது. 1986ல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகள் இரவு ரயிலில் நம் காட்பாடிக்கு வந்து, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தானே இந்தியாவின் முதல் எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்டது? அந்த வைரஸ் பிடிப்பது வெள்ளணுவின் மேல் உள்ள சிடி4 என்ற புரதத்தை என்று அப்போதே தெரியும். கூடவே பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இன்னொரு புரதமும் வேண்டும் என்பது 1996ல் தெரிந்தது. ஐரோப்பியர் சிலர் பிறவியிலேயே சிசிஆர்5 இல்லாமல் இருக்கிறார்கள், பெரிய குறை ஒன்றுமில்லாமல்! எச்ஐவி அவர்களை அநேகமாக அண்டுவதில்லை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாயா? இலவம்பாடி முள் கத்தரிக்காய் வரத்து நன்றாக இருக்கிறது, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

கடித்த நாய் பத்து நாள் தாண்டியும் தெம்பாகத் தெருமுனையில்தான் படுத்திருக்கிறது, அதனால் கடித்தபோது அதன் எச்சிலில் வைரஸ் இல்லை. ஆனாலும் 28ஆம் நாள் ஊசியை விடப் போவதில்லை. பையனுக்கு அதுதான் கோபம். நேற்று அந்த நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்புடன்,
ஏழுமலை