தீபாவளித் தள்ளுபடி பில்லில் உள்ள கணக்குப் பிழைகள் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நகல்: கிளை மேலாளர், மதுரை.

பொருள்: தீபாவளிச் சலுகை விற்பனையில் அறிவிப்புப் பலகையில் சொன்ன விலைக்கும் பில்லில் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாடு – ₹1,091.30 திருப்பித் தரவும், விலைச் சீட்டுகளைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மதுரைக் கிளையில் வாங்கிய துணிமணிக்கும் மளிகைக்கும் சேர்த்து ₹4,325 செலுத்தியிருக்கிறேன். பில்லின் அடியில் "இன்று நீங்கள் சேமித்தது ₹2,146" என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. வரி வரியாகக் கூட்டிப் பார்த்தால் உண்மையில் குறைந்த தொகை ₹1,243தான். கவுண்ட்டரில் கேட்டதற்கு "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்றார்கள். பில் போடுபவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. விலையையும் சலுகையையும் சிஸ்டத்தில் ஏற்றுவது தலைமை அலுவலகம் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் பெட்ஷீட். டபுள் பெட்ஷீட் அடுக்கின் மேல் "50% + 20% = 70% தள்ளுபடி" என்று பலகை தொங்குகிறது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. ₹1,800. எழுபது சதவீதம் போனால் ₹540 வர வேண்டும். பில்லில் வந்தது ₹720. உங்கள் சிஸ்டம் முதலில் 50% கழித்து ₹900 ஆக்குகிறது. பிறகு அந்த ₹900-இல் 20%, அதாவது ₹180 மட்டும் கழிக்கிறது. மொத்தத்தில் இது 60% தள்ளுபடி. அடுத்தடுத்துத் தரும் சதவீதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 0.50 × 0.80 = 0.40. நூற்றுக்கு நாற்பது ரூபாய் வாங்குபவரே கொடுக்கிறார். சிஸ்டம் செய்வது கணக்குப்படி சரி. பலகையில் "= 70%" என்று எழுதியதுதான் தவறு. ஆனால் வாடிக்கையாளர் பலகையைப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறார்.

அதே பெட்ஷீட்டில் இதைவிடக் கவலையான ஒன்று இருக்கிறது. ₹1,800 என்பது பாக்கெட்டில் அச்சடித்த விலை அல்ல, மேலே ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரில் உள்ள விலை. ஸ்டிக்கரின் வலது முனை ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் உற்பத்தியாளர் அச்சிட்ட "அதிகபட்ச சில்லறை விலை ₹1,499, அனைத்து வரிகளும் உட்பட" என்ற வரி தெளிவாகத் தெரிகிறது. இரண்டும் தெரியும்படி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-இன்படி, விலையைக் குறைப்பதற்கு மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. விலையை ஏற்றி ஸ்டிக்கர் ஒட்ட அனுமதியே இல்லை. ₹1,499-ஐ அடிப்படையாக வைத்தால் ₹720 என்பது 60 சதவீதத் தள்ளுபடிகூட இல்லை, 52 சதவீதம்தான். ஸ்டிக்கர் ஒட்டியது கிடங்கிலா கிளையிலா என்பதை நீங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. ₹720-க்கு மேல் 5% என்று ₹36 கூட்டி ₹756 வாங்கியிருக்கிறீர்கள். பலகையின் கீழ் ஓரத்தில் "வரி தனி" என்று பொடி எழுத்தில் இருப்பதாகக் கிளையில் காட்டினார்கள். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடங்கிவிட்டது. அதிலிருந்து சதவீதம் கழித்துச் சொல்லும் விலையிலும் வரி அடங்கித்தான் இருக்க வேண்டும். ₹720-ஐ 1.05-ஆல் வகுத்தால் பொருளின் மதிப்பு ₹685.71, வரி ₹34.29. பில்லில் அப்படிப் பிரித்துக் காட்டினால் போதும், வாங்குபவரிடம் கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்க வேண்டியதில்லை. தள்ளுபடி விலையின் மேல் வரியைத் தனியாக வசூலிப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-லேயே, ஜி.எஸ்.டி.க்கு முன்பிருந்த வாட் வரிக் காலத்து வழக்குகளில், சொல்லிவிட்டது. பொடி எழுத்தில் எச்சரித்திருந்தோம் என்பது இதற்குப் பதில் ஆகாது.

ஆகவே பெட்ஷீட்டுக்கு என் கணக்கு இது: அச்சிட்ட எம்.ஆர்.பி. ₹1,499, நீங்கள் அறிவித்த தள்ளுபடி 70%, நான் தர வேண்டியது ₹449.70. தந்தது ₹756. திரும்ப வர வேண்டியது ₹306.30.

அடுத்தது சட்டை. "3 வாங்கினால் 1 இலவசம் – 25% சேமிப்பு" என்று பலகை. நான்கு சட்டையும் ஒரே விலையாக இருந்தால் மட்டுமே இந்த 25% சரி. பில்லில் உள்ளவை ₹1,200, ₹1,000, ₹900, ₹500. மொத்தம் ₹3,600. இலவசமாகக் கழிந்தது நான்கிலும் விலை குறைந்த ₹500 சட்டை. 500-ஐ 3,600-ஆல் வகுத்தால் 13.89%. சொன்னதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. விலை குறைந்ததுதான் இலவசம் என்பது கடைகளில் வழக்கமான நிபந்தனை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிபந்தனையை வைத்துக்கொண்டு 25% என்று எழுத முடியாது. எழுதிய பிறகு ₹3,600-க்கு ₹900 கழித்திருக்க வேண்டும். குறைவு ₹400.

அந்த ₹500 சட்டையில் வலது கைப்பட்டி அருகே தையல் இரண்டு அங்குலத்துக்குப் பிரிந்திருக்கிறது. மாற்ற அதே அளவு இல்லை. பணம் கேட்டால், "பில்லில் அதன் விலை பூஜ்யம், இலவசத்துக்குப் பணம் கிடையாது" என்கிறார்கள். இங்கேதான் உங்கள் பில் முறையில் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. நான்கு சட்டை எடுத்ததால்தான் அந்தச் சலுகை. அதை ஒரே சட்டையின் தலையில் ஏற்றாமல் நான்கிற்கும் விலை விகிதப்படி பங்கிட வேண்டும். நீங்கள் வாங்கிய ₹3,100-ஐ அப்படிப் பிரித்தால் ₹1,200 சட்டைக்கு ₹1,033.33, ₹1,000 சட்டைக்கு ₹861.11, ₹900 சட்டைக்கு ₹775, ₹500 சட்டைக்கு ₹430.56. கூட்டிப் பாருங்கள், சரியாக ₹3,100 வரும். இப்படிப் பங்கிட்டால் எந்தச் சட்டை திரும்பி வந்தாலும் கடைக்கும் நட்டமில்லை, வாங்கியவருக்கும் நட்டமில்லை. இப்போதைய முறையில் பழுதான சட்டை இலவசச் சட்டையாக அமைந்துவிட்டால் வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பில்லில் திரும்பப் பெறும் காலம் எதுவும் குறிப்பிடவில்லை. அப்படிக் குறிப்பிடாதபோது 30 நாட்களுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம்.

அறிவித்தபடி 25% கொடுத்துவிட்டால் அந்தச் சட்டையின் விலை ₹375 ஆகிறது. எனவே சட்டைக் கணக்கில் நான் கேட்பது ₹400-உம் ₹375-உம் சேர்த்து ₹775.

மளிகைப் பகுதியில் பணம் எதுவும் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அங்கே வைத்திருக்கும் விலைச் சீட்டுகள் தினமும் நூற்றுக்கணக்கானோரைத் தவறாக எடுக்கவைக்கும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

துவரம் பருப்பு ஒரு கிலோ பாக்கெட் எம்.ஆர்.பி. ₹180, உங்கள் விலை ₹152. அரைக் கிலோ எம்.ஆர்.பி. ₹92, உங்கள் விலை ₹74. கிலோ பாக்கெட்டின் மேல் "பெரிய பாக்கெட், பெரிய சேமிப்பு" என்று மஞ்சள் சீட்டு. இரண்டு அரைக் கிலோ எடுத்தால் ₹148தான் ஆகிறது. கிலோவுக்கு ₹4 குறைவு! பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அலகு விலையை, அதாவது கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதை, பார்த்து வாங்குபவரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. காரணம், பாக்கெட்டின் அலகு விலை எம்.ஆர்.பி.யை வைத்துப் போடுவது, கடையின் சலுகை விலையை வைத்து அல்ல. போதாததற்கு அதை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்குகிறார்கள். ₹92-ஐ 500 கிராமால் வகுத்தால் கிராமுக்கு ₹0.184, பாக்கெட்டில் அது ₹0.18 ஆகிவிடுகிறது. கிலோ ₹180-க்கும் கிராமுக்கு அதே ₹0.18தான். எனவே சலுகை விலைக்கு ஏற்ற அலகு விலையைக் கடைதான் தன் சீட்டில் போட வேண்டும். நூறு கிராமுக்கு என்று போட்டால் எல்லோருக்கும் புரியும்: ₹15.20, ₹14.80.

சூரியகாந்தி எண்ணெயில் நிலைமை இன்னும் மோசம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாக்கெட், பார்வைக்கு ஒரே அளவு. ஒன்று ஒரு லிட்டர், எடை 910 கிராம், ₹155. இன்னொன்று 850 கிராம், ₹147. இரண்டாவதன் மேல் "₹8 குறைவு" என்ற சீட்டு. நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் முதலாவது ₹17.03, இரண்டாவது ₹17.29. விலை குறைந்ததாகக் காட்டிய பாக்கெட்தான் அதிக விலை. எண்ணெய் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அதனால் லிட்டரை விட எடையை வைத்து ஒப்பிடுவதே சரி. இரண்டு பாக்கெட்டிலும் கிராம் அச்சிட்டிருக்கிறது. உங்கள் சீட்டில்தான் இல்லை.

டீத்தூள் அடுக்கில் "20% கூடுதல்" பாக்கெட்டுக்கு "20% தள்ளுபடி" என்று சீட்டு போட்டிருக்கிறீர்கள். 250 கிராம் விலைக்கு 300 கிராம் கிடைத்தால், ஆறில் ஒரு பங்குதான் இலவசம். அது 16.67%. இது திருத்த ஐந்து நிமிடம் ஆகாத வேலை.

வவுச்சர் விஷயம் நேர் எதிர். அது திட்டமிட்டே அமைத்த நிபந்தனை. "₹3,000-க்கு வாங்கினால் ₹500 வவுச்சர் இலவசம்" என்று நுழைவாயிலில் பேனர். பணம் கட்டிய பிறகு கையில் வந்த சீட்டின் பின்பக்கத்தில் மூன்று வரிகள்: ₹1,000-க்கு ₹100 மட்டுமே கழியும், மளிகைக்குப் பொருந்தாது, நவம்பர் 15-க்குள் பயன்படுத்த வேண்டும். அதாவது இந்த ₹500-ஐ முழுதாகப் பெற மேலும் ₹5,000-க்குத் துணிமணி வாங்க வேண்டும். மொத்தம் ₹8,000 செலவுக்கு ₹500, அதாவது 6.25%. இந்த நிபந்தனைகள் பேனரிலேயே, தொகை எழுதிய அதே அளவு எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது பில்லின் அடிவரிக்கு வருகிறேன். ₹2,146 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். பெட்ஷீட்டுக்கு ₹1,080 (ஸ்டிக்கர் விலையிலிருந்து கழித்தது, ₹36 வரியைச் சேர்க்காமல்), சட்டைக்கு ₹500, இரண்டு கிலோ பருப்புக்கு ₹56, ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ₹10, இன்னும் பயன்படுத்தவே செய்யாத வவுச்சருக்கு ₹500. பருப்பும் எண்ணெயும் தீபாவளிக்கு முந்தைய மாதங்களிலும் இதே ₹152, ₹155-க்குத்தான் உங்கள் கடையில் விற்றன. பழைய பில்கள் இணைப்பில் இருக்கின்றன. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு. தினமும் விற்கும் விலைக்கும் அந்த வரம்புக்கும் உள்ள இடைவெளியைப் பண்டிகைச் சேமிப்பாகக் காட்டக் கூடாது. ஒரு பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைத் தவறாக எண்ணவைப்பதும் 2019 சட்டத்தில் முறையற்ற வணிகப் பட்டியலில் இருக்கிறது. மிஞ்சுவது பெட்ஷீட்டுக்கு ₹743 (அச்சிட்ட ₹1,499-இல் நான் தந்த ₹756 போக), சட்டைக்கு ₹500. இந்த வரியை நம்பி மாதச் செலவுக் கணக்கு எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு ₹903 தப்புக் கணக்கு போகிறது.

பொருட்களைப் போட்டுக் கொடுத்த பைக்கு ₹10 வாங்கியதையும் குறிப்பிட வேண்டும். விலை உண்டு என்று பில் போடும் முன் யாரும் சொல்லவில்லை, எங்கும் எழுதியும் இல்லை.

என் கோரிக்கைகள்:

பெட்ஷீட்டுக்கு ₹306.30, சட்டைகளுக்கு ₹775, பைக்கு ₹10, ஆக ₹1,091.30-ஐ நான் பணம் கட்டிய வழியிலேயே, யு.பி.ஐ. மூலம், திருப்பித் தர வேண்டும். வவுச்சராகவோ பாயிண்ட்டாகவோ ஏற்க மாட்டேன். பழுதான சட்டையைக் கிளையில் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். ₹500 வவுச்சரை எந்த வாங்குதலிலும் முழுதாகக் கழிக்க அனுமதிக்க வேண்டும், அல்லது அந்த பேனரை எல்லாக் கிளைகளிலும் எடுக்க வேண்டும்.

சலுகைப் பலகைகளில் சதவீதத்தோடு, வரி உட்பட வாங்குபவர் கட்ட வேண்டிய ரூபாயையும் எழுதுங்கள். "₹1,499 – 60% தள்ளுபடி போக ₹599.60" என்று இருந்தால் சண்டையே இல்லை. மளிகைச் சீட்டில் சலுகை விலைக்கான நூறு கிராம் விலை வேண்டும். பில்லில் கூட்டுச் சலுகையை எல்லாப் பொருளுக்கும் பங்கிட்டுக் காட்ட வேண்டும். "நீங்கள் சேமித்தது" என்ற வரியில், சலுகைக்கு முந்தைய உங்கள் சொந்த விற்பனை விலையிலிருந்து குறைந்ததை மட்டும் காட்ட வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். ஸ்டிக்கர் விவகாரத்தை எடையளவுச் சட்டத்தை அமல்படுத்தும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும், மற்றவற்றை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் கொண்டுபோவேன். ₹5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. அந்த பெட்ஷீட் பாக்கெட்டை ஸ்டிக்கரோடு பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: பில் நகல், பெட்ஷீட் பாக்கெட்டின் படம், சலுகைப் பலகைகள், பருப்பு, எண்ணெய், டீத்தூள் சீட்டுகளின் படங்கள், வவுச்சரின் இருபக்க நகல், பிரிந்த தையலின் படம், முந்தைய மாத மளிகை பில்கள்.